லாரி ஆயிலை நீங்களே மாற்ற ஒரு வால்வு, கணக்கு வைக்க ஒரு எக்செல் ஷீட்

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் மல்லிகையும் பிச்சியும் ஏற்றிக்கொண்டு கிளம்பும் வண்டிகளில் பல, ஒரே ஒரு வண்டி வைத்திருப்பவர்களுடையவை. அவரே முதலாளி, அவரே டிரைவர். விசைத்தறி பாவு, நூல் மூட்டை ஏற்றுபவர்களும் அப்படித்தான். வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வாடகை போனது. பூ என்றால் சரக்கும் போனது. மாதத் தவணையோ நிற்காது.

கம்ப்யூட்டர் பத்திரிகையில் லாரி எதற்கு என்று கேட்கலாம். பிள்ளைகளின் படிப்புக்காக வாங்கிய கம்ப்யூட்டர், வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கும் உதவும் என்பதைச் சொல்லத்தான். இரண்டு விஷயங்களைப் பார்ப்போம். ஒன்று, ஆயிலைச் சுலபமாக வடிக்க உதவும் குயிக் டிரெயின் வால்வு. இன்னொன்று, எப்போது வடிக்க வேண்டும் என்று ஞாபகப்படுத்தும் எக்செல் ஷீட்.

இது என்ன வால்வு?

எஞ்சினின் அடியில் ஆயில் சேம்பர் இருக்கும். அதன் கீழ்ப்பகுதியில் ஒரு டிரெயின் போல்ட். ஆயில் மாற்ற வேண்டுமானால் ஸ்பேனர் போட்டு அதைக் கழற்ற வேண்டும். கடைசி மரை விடும்போது சூடான கறுப்பு ஆயில் கையிலும் சட்டையிலும் கொட்டும். போல்ட் ஆயில் தட்டிலேயே விழுந்துவிடுவதும் உண்டு. ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டுவதால் மரை தேய்கிறது. சேம்பர் அலுமினியமாக இருந்து, யாராவது பலம் காட்டி இறுக்கியிருந்தால், ஒரு நாள் மரை மொத்தமாகப் போய்விடும். அதன்பின் லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

இந்தப் போல்ட்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் நிரந்தரமாக ஒரு சிறிய வால்வைத் திருகிவிடுவதுதான் யோசனை. தண்ணீர்க் குழாயில் இருக்கும் பால் வால்வை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே துளை போட்ட ஓர் உருண்டை. நெம்புகோலைக் கால் வட்டம் திருப்பினால் துளை நேராக வந்து ஆயில் இறங்கும். திருப்பி வைத்தால் நின்றுவிடும். ஜப்பானின் ஃபுமோட்டோ நிறுவனத்தின் வால்வு இந்த வகை. இதில் நெம்புகோல் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். ஸ்பிரிங் அதை அங்கேயே அழுத்திப் பிடித்திருக்கும். முதலில் தூக்கி, பிறகுதான் திருப்ப முடியும். சும்மா தட்டுப்பட்டால் திறக்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு.

ஜெர்மனியின் ஸ்டால்பஸ் வால்வு வேறு மாதிரி. அதில் நெம்புகோலே கிடையாது. மேல்மூடியைக் கழற்றி, ஹோஸ் பொருத்திய இணைப்பைத் திருகினால் உள்ளே இருக்கும் அடைப்பு விலகி ஆயில் வரும். எடுத்தால் மூடிக்கொள்ளும். வண்டியின் அடியில் இடம் குறைவாக இருந்தால் இந்த வகை வசதி. 2005ல் வந்த டாடா ஏஸ், அதாவது நம் ஊர் 'குட்டி யானை' போன்ற சிறிய வண்டிகளில் கீழே அதிக இடம் கிடையாது. நெம்புகோல் வகையை வாங்கும் முன் அளந்து பாருங்கள். தரையோடு நெருங்கித் துருத்திக்கொண்டிருந்தால் வேகத்தடையிலோ கல்லிலோ இடிக்கும்.

வாங்கும் முன்

வால்வு வாங்குவதில் முக்கியமான விஷயம் மரை அளவு. விட்டம், பிட்ச் என்று இரண்டு எண்கள் உண்டு. பிட்ச் என்பது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி. 14 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. பிட்ச் என்பது பல வண்டிகளில் காணப்படும் அளவு. ஆனால் உங்கள் வண்டிக்கும் அதுதான் என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய லாரிகளில் இதைவிடப் பெரிய போல்ட் இருக்கும். இன்டர்நெட்டில் வண்டியின் பெயரை மட்டும் அடித்து வரும் முதல் விடையை நம்ப வேண்டாம். ஒரே பெயரில் வேறு வேறு எஞ்சின்கள் வந்திருக்கின்றன. அடுத்த ஆயில் மாற்றத்தின்போது கழற்றும் போல்ட்டைத் துடைத்து லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். வெர்னியரும் பிட்ச் கேஜும் வைத்து ஒரு நிமிடத்தில் அளந்து சொல்லிவிடுவார்கள். பிட்ச் தவறான வால்வைப் பலமாகத் திருகினால் சேம்பர்தான் பாழாகும்.

வண்டி இன்னும் வாரண்டியில் இருக்கிறதா? அப்படியானால் வால்வைப் பற்றி யோசிக்காதீர்கள். கம்பெனி பாகத்தை மாற்றியதால் வாரண்டியில் சிக்கல் வரலாம். அந்தச் சண்டை தேவையா?

வால்வின் துளை போல்ட் துளையைவிடச் சிறியது என்பதால் ஆயில் மெதுவாகத்தான் வடியும். சில வால்வுகளின் மரைப்பகுதி சேம்பருக்குள் சற்று நீட்டிக்கொண்டிருப்பதால் அடியில் கொஞ்சம் பழைய ஆயில் தங்கும். உங்கள் பழைய போல்ட்டில் இரும்புத் துகளைப் பிடிக்கும் காந்தம் இருந்தால் அந்த வசதியும் போய்விடும். விளம்பரங்களில் இவற்றைச் சொல்ல மாட்டார்கள்.

வடிக்கும் முறை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள். எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்தினால் ஆயில் இளகி நன்றாக இறங்கும். நீண்ட ஓட்டம் முடிந்து வந்தவுடன் வேண்டாம், கை வெந்துவிடும். மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்தால் காற்று உள்ளே போய் வடிவது சீராகும். நிப்பிள் உள்ள வால்வானால் ஹோஸை மாட்டி மறுமுனையை நேராகக் கேனுக்குள் விடலாம். ஒரு சொட்டுகூடத் தரையில் சிந்தாது.

வடிந்து முடிந்ததும் நெம்புகோல் அதன் பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். பாதுகாப்புக் கிளிப் கொடுத்திருந்தால் அதையும் மாட்டுங்கள். இந்த இடத்தில் அவசரமே கூடாது. ஓட்டத்தில் வால்வு திறந்துகொண்டால் ஆயில் மொத்தமும் ரோட்டில் போய்விடும். ஆயில் பிரஷர் இல்லாமல் ஓடினால் எஞ்சின் சீஸ் ஆவதற்கு நிமிடங்களே போதும். அப்போது ஆகும் செலவில் இந்த மாதிரி வால்வுகள் எத்தனையோ வாங்கலாம். முதல் சில நாட்கள் காலையில் வண்டி எடுக்கும் முன் அடியில் ஆயில் சொட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது நல்லது.

ஆயில் ஃபில்டரை மாற்றும் வேலையை வால்வு மிச்சப்படுத்தாது. புது ஆயில் ஊற்றும்போது மேனுவல் சொல்லும் தரத்தையே பாருங்கள். 15டபிள்யூ-40 என்பது ஆயிலின் கெட்டித்தன்மையை மட்டுமே சொல்கிறது. முதல் எண் குளிரில் அது எப்படி ஓடும் என்பதற்கு, 40 என்பது சூட்டில் எப்படி இருக்கும் என்பதற்கு. டின்னில் தனியாக சிஐ-4, சிகே-4 என்று தரமும் போட்டிருக்கும். 2020 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் பிஎஸ்6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருந்தால் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். பழைய வண்டிக்கு வாங்கிய மலிவு ஆயிலை அதில் ஊற்றினால் அந்த ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

பழைய ஆயிலைச் சாக்கடையிலோ வயலிலோ ஊற்றாதீர்கள். அபாயகரக் கழிவுகள் பற்றிய 2016ம் ஆண்டு விதிகளில் இதுவும் அடங்கும். கேனில் மூடி வைத்து, முறையாகச் சேகரிக்கும் பட்டறையிலோ சர்வீஸ் சென்டரிலோ கொடுங்கள். தோலில் அடிக்கடி படுவதும் கெடுதல். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம்

'ஆயில் கறுத்துப் போச்சு, மாத்திரலாம்' என்று முடிவு செய்பவர்கள் அதிகம். டீசல் எஞ்சினில் புது ஆயிலும் சீக்கிரமே கறுத்துவிடும். நிறத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. கிலோமீட்டரும் மாதமும்தான் கணக்கு. இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். எத்தனை கிலோமீட்டர் என்பது வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் மேனுவலைப் பாருங்கள்.

எக்செல் திறந்துகொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸ் கால்க் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் வரிசையில் தேதி, கிலோமீட்டர், வேலை, லிட்டர், செலவு, குறிப்பு என்று ஆறு தலைப்புகள் கொடுங்கள். ஆயில் மாற்றினாலும், டாப்-அப் செய்தாலும், ஃபில்டர் போட்டாலும் ஒரு வரி. தமிழில் அடிப்பதானால் யூனிகோடிலேயே அடியுங்கள். பழைய எழுத்துருக்களில் அடித்தால், அந்த எழுத்துரு இல்லாத வேறு கம்ப்யூட்டரில் புரியாத குறிகளாகத் தெரியும்.

தேதியில் கவனம் வேண்டும். விண்டோஸில் ரீஜன் அமைப்பு அமெரிக்கா என்று இருந்தால் 5/8 என்று அடித்ததை மே 8 என்று எடுத்துக்கொள்ளும். இந்தியா என்று மாற்றிவிடுங்கள். சரியாக இருக்கிறதா என்று அறிய 25/8 என்று அடித்துப் பாருங்கள். கட்டத்தின் வலது ஓரத்தில் நின்றால் தேதியாக ஏற்றுக்கொண்டது. இடது ஓரத்தில் நின்றால் வெறும் எழுத்தாக நினைத்துவிட்டது என்று பொருள்.

அடுத்து ஓரமாக மூன்று கட்டங்கள். கடைசியாக மாற்றிய ரீடிங் 84,250. மேனுவல் சொல்லும் இடைவெளி உதாரணத்துக்கு 10,000. இன்றைய ரீடிங் 91,900. நான்காவது கட்டத்தில் சமக்குறி போட்டு, முதல் கட்டத்தைக் கிளிக் செய்து, கூட்டல் குறி போட்டு, இரண்டாவதைக் கிளிக் செய்து, கழித்தல் குறி போட்டு, மூன்றாவதைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். 2,350 என்று வரும். இன்னும் ஓடக்கூடிய தூரம் அது. தினம் சராசரியாக 180 கிலோமீட்டர் ஓடினால் 13 நாட்கள். இனி ரீடிங்கை மட்டும் மாற்றினால் போதும், மீதியை அதுவே கணக்குப் போடும். அந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, ஹோம் மெனுவில் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் போய், ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், லெஸ் தேன் என்பதில் 1000 கொடுத்துவிட்டால், ஆயிரத்துக்குக் கீழே போனதும் கட்டம் சிவப்பாகிவிடும்.

எனக்கு இந்த ஷீட்டில் மிகவும் பிடித்தது சிவப்புக் கட்டம் அல்ல, லிட்டர் என்ற பத்திதான். போன இடைவெளியில் அரை லிட்டர் டாப்-அப், இந்த முறை 2 லிட்டர் என்றால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது, அல்லது எங்கோ கசிகிறது. டிப் ஸ்டிக்கை ஒரு முறை பார்ப்பதில் இது தெரியாது. ஒரு வருடக் கணக்கு வரிசையாக இருந்தால் பார்த்தவுடன் தெரியும். எஞ்சின் வேலை பெரிதாகும் முன் மெக்கானிக்கிடம் போகலாம். பிறகு வண்டியை விற்கும்போதும், வாங்க வருபவருக்குக் காட்ட இந்தத் தாளைவிட நல்ல அத்தாட்சி கிடையாது. ஆயில் பில்களையும் மொபைலில் படமெடுத்து அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.

கன்ட்ரோல் விசையோடு எஸ் விசையைத் தட்டி அவ்வப்போது சேவ் செய்யுங்கள். மாதம் ஒரு முறை பென் டிரைவில் ஒரு நகல் எடுத்து, ஒரு பக்கம் பிரிண்ட் போட்டு வண்டியின் ஆர்சி புத்தக உறைக்குள் வைத்துவிடுங்கள். வழியில் வேறு ஊர்ப் பட்டறையில் வண்டி நின்றால், வால்வு போட்டிருக்கிறது என்பதையும் அதன் மரை அளவையும் அந்தத் தாளைப் பார்த்து அவர்கள் அறிந்துகொள்ளலாம். கழற்றிய பழைய போல்ட்டையும் வாஷரையும் டூல் பாக்ஸிலேயே போட்டு வையுங்கள். வால்வு அடிபட்டால் அங்கேயே மாட்டிக்கொண்டு ஊர் வந்து சேரலாம்.