குருதிச் சிவப்பணுச் சவ்வுப் புரதங்கள்: ஆய்வும் நோயறிதலும்

ஆய்வுச்சுருக்கம்

சிவப்பணுச் சவ்விலுள்ள புரதங்கள் குறைவதால் பரம்பரைக் கோளச் சிவப்பணு நோய் உண்டாகிறது. அப்புரதங்களின் அமைப்பையும் அவற்றின் குறைபாட்டை அறியும் இரு சோதனைகளையும் விளக்கும் இக்கட்டுரை, பெருநகர ஆய்வகங்களுக்குத் தொலைவிலுள்ள களக்காடு போன்ற ஊர்களுக்கு அவை பொருந்தும் முறையை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சிவப்பணு, சவ்வுப் புரதம், பட்டை 3, குருதிச்சோகை, களக்காடு.

முன்னுரை

சிவப்பணு ஏறத்தாழ 8 மைக்ரான் விட்டமுடைய, இருபுறமும் குழிந்த வட்டு. தன் 120 நாள் வாழ்நாளில் அது தன்னினும் குறுகிய நுண்குழல்களையும் மண்ணீரலின் பிளவுகளையும் நெளிந்து கடக்கிறது. உட்கரு இல்லாமையால் புதிய புரதத்தை ஆக்க அதனால் இயலாது.

ஆய்வு வரலாறு

உவர்ப்புக் குறைந்த கரைசலில் சிவப்பணுவின் ஹீமோகுளோபின் வெளியேற, சவ்வு மட்டும் எஞ்சும். அதன் புரதங்களை 1971இல் ஃபேர்பேங்க்ஸ், ஸ்டெக், வாலக் ஆகியோர் மின்புலத்தில் பிரித்து, தோன்றிய பட்டைகளுக்கு எண்ணிட்டனர். 'பட்டை 3' என்னும் பெயர் அவ்வாறு வந்ததே. ஆர்எச் குருதிவகைப் புரதத்தை ஆராய்ந்த பீட்டர் ஆக்ரே நீர்வழிப் புரதமான அக்குவாபோரினைக் கண்டறிந்து, 2003இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அமைப்பும் குறைபாடும்

சவ்வின் உட்புறத்தில் ஸ்பெக்ட்ரின் வலைபோல் விரிந்துள்ளது. அவ்வலையைப் பட்டை 3 புரதத்துடன் ஆங்கிரின் பிணைக்கிறது. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் கொழுப்புப் படலம் பிடிப்பிழந்து சிறு சிறு துணுக்குகளாக உதிர்கிறது. பரப்புக் குறைந்த அணு கோளமாகி, மண்ணீரலில் சிக்கி அழிகிறது. குருதிச்சோகை, மஞ்சள் காமாலை, பித்தப்பைக் கற்கள் ஆகியன இதன் விளைவுகள்.

நோயறியும் முறைகள்

உவர்நீரின் செறிவைப் படிப்படியாகக் குறைத்து அணுக்கள் உடையும் நிலையை அளப்பது பழைய முறை. கோள அணுக்கள் எளிதில் உடையும். ஆயின் இரும்புச்சத்துக் குறைபாடும் சேர்ந்திருப்பின் அணுக்கள் உடையாது தாங்குவதால் நோய் மறைக்கப்படலாம். நம் நாட்டில் அக்குறைபாடு பரவலாக இருப்பதால் இது சிறிய பிழையன்று.

ஈயோசின்-5-மேலிமைடு என்னும் ஒளிரும் சாயம் பெரிதும் பட்டை 3 புரதத்துடன் இணைகிறது. ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவியில் ஒளிர்வு குறைந்து காணப்படின் சவ்வுக் குறைபாடு எனக் கருதலாம். ஆங்கிரின், ஸ்பெக்ட்ரின் குறைவிலும் பட்டை 3 உடன் இழக்கப்படுவதால் அவையும் இச்சோதனையில் வெளிப்படும்.

நோய் எதிர்ப்புப் பொருள்களால் அணுக்கள் அழியும்போதும் கோள அணுக்கள் தோன்றுவதால், நேரடிக் கூம்ஸ் சோதனை இன்றியமையாதது. கோளச் சிவப்பணு நோயில் பயன்தரும் மண்ணீரல் நீக்கம், பரம்பரை ஸ்டொமட்டோசைட்டோசிஸ் என்னும் வேறொரு சவ்வு நோயில் குருதி உறைவு ஆபத்தைப் பெருக்கும். ஆகவே, அறுவைக்கு முன் நோயைச் சரியாகப் பிரித்தறிதல் உயிர்காக்கும் செயலாகிறது.

களக்காட்டுச் சூழல்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துக் களக்காடு, திருநெல்வேலியிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலுள்ளது. உவர்நீர்ச் சோதனைக்குக் கருவிச் செலவு குறைவெனினும் புதிதாக எடுத்த குருதி வேண்டும். சாயச் சோதனைக்குச் சில துளிகளே போதும். குளிரூட்டிய மாதிரி ஓரிரு நாள் பயணத்தைத் தாங்கும். எனவே, நோயாளி அலையாமல் மாதிரியை மட்டும் அனுப்ப இயலும். அதே வேளையில் எடுத்த, நலமுடைய ஒருவரின் குருதியையும் உடன் அனுப்பினால், பயணத்தால் நேர்ந்த மாற்றத்தை நோயின் மாற்றத்திலிருந்து பிரித்தறியலாம்.

முடிவுரை

இந்நோயாளிகளுள் ஏறத்தாழ முக்கால் பங்கினருக்கு இது பெற்றோருள் ஒருவரிடமிருந்தே வருகிறது. ஆதலால், இரும்பு மாத்திரைக்குத் தீராத சோகையும் காமாலையும் ஒரு குடும்பத்தில் தொடர்ந்து காணப்படின், அங்கு மேலும் மாத்திரை வழங்குவதற்கு முன் சவ்வுப் புரதச் சோதனையை மேற்கொள்ளுதல் தகும்.