மரத்தடிக்கு வந்த மருத்துவர்கள்

பாகூர் கொம்யூனிலிருந்து ஒரு குடும்பத்தார் எங்கள் தோல்நோய்ப் பிரிவுக்கு வந்திருந்தனர். அப்பெண்ணின் முதுகிலும் கையிலும் வெளிறிய, உணர்ச்சியற்ற தேமல்கள். தொழுநோய் என்று நாங்கள் சொன்னதும் கணவர் முதலில் கேட்டது மருந்தைப் பற்றி அன்று. "இவளை எங்கேயாவது சேர்த்துவிட இடம் இருக்கிறதா ஐயா?" என்றார். வீட்டில் அவருக்குத் தட்டும் தம்ளரும் ஏற்கெனவே தனியாகிவிட்டன.

அக்கேள்விக்கு நமக்கு அருகிலேயே விடை காணப்பட்டு எழுபது ஆண்டுகள் ஆகின்றன. செங்கல்பட்டுப் பகுதியில் மதுராந்தகத்தை அடுத்த பொலம்பாக்கத்தில் 1955ஆம் ஆண்டு பெல்ஜியத்தைச் சேர்ந்த மருத்துவர் பிரான்ஸ் ஹெமரிக்ஸ் ஒரு தொழுநோய் மையத்தைத் தொடங்கினார். அதற்கு முன் அவர் ஆப்பிரிக்காவின் காங்கோவில் மருத்துவ ஊழியம் செய்தவர். அவருடன் பணியாற்றிய மருத்துவர் கிளேர் வெல்லூட் பின்னர் இந்தியக் குடியுரிமையே பெற்றுக்கொண்டார்.

தொழுநோயாளியை ஊரை விட்டு அகற்றி விடுதியில் வைப்பதே அந்நாளைய வழக்கம். பிரிட்டிஷ் இந்தியாவில் அதற்கென 1898ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றே இருந்தது. பொலம்பாக்கத்தார் அவ்வழியை விட்டு, குறித்த நாளில் குறித்த சாலையோர மரத்தடிக்கு மருந்துடன் தாங்களே சென்றனர். நோயாளி மாத்திரை வாங்கிக்கொண்டு தம் வீட்டுக்குத் திரும்பினார், நிலத்தில் வேலை செய்தார், பிள்ளைகளுடன் இருந்தார். டாப்சோன் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்க வேண்டியிருந்த காலம் அது. குடும்பம் துணை நில்லாமல் அத்தனை ஆண்டுகள் மருந்து உண்ண யாரால் முடியும்? அவர்கள் செய்த உதவியில் மாத்திரையைவிடப் பெரியது, நோயாளியை வீட்டிலேயே இருக்கவிட்டதுதான் என்பது எங்கள் கருத்து.

இன்று நிலைமை எவ்வளவோ எளிது. 1982 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்துவரும் கூட்டு மருந்துச் சிகிச்சை, நோயின் வகைக்கேற்ப 6 அல்லது 12 மாதங்களில் முடிந்துவிடும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அது இலவசம். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குப் பரப்பும் தன்மை ஏறக்குறைய நீங்கிவிடுகிறது. தனித் தட்டும் தனிப் பாயும் தேவையே இல்லை. நெடுங்காலம் உடன் வாழ்ந்தவர்கள் ஒருமுறை பரிசோதனைக்கு வர வேண்டும். தகுதியுடையோருக்குத் தடுப்பாக ரிபாம்பிசின் ஒரே ஒரு வேளை தரப்படும்.

குடும்பத்தார் அஞ்சி மருந்தை நிறுத்துவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால். ரிபாம்பிசின் உண்ட நாளில் சிறுநீர் சிவந்து போகும், இதனால் தீங்கில்லை. குளோபசிமின் தோலைக் கருமையாக்கும். அக்கம்பக்கத்தார் "நோய் முற்றிவிட்டது" என்று பேசத் தொடங்குவது இதைக் கண்டுதான். மருந்து முடிந்த சில மாதங்களில் நிறம் படிப்படியாகத் திரும்பும். ஆனால் தேமல்கள் திடீரெனச் சிவந்து வீங்கினாலோ, முழங்கை நரம்பில் வலி எடுத்தாலோ, கையோ காலோ கண்ணிமையோ வலுவிழந்தாலோ அன்றே வர வேண்டும். அது நோயெதிர்வினை. தாமதித்தால் ஊனம் நிலைத்துவிடும். அப்போதும் மாத்திரையை நிறுத்தலாகாது.

கணவரிடம் இன்னொன்றும் சொன்னோம். தொழுநோயைக் காரணம் காட்டி மணவிலக்குக் கோரும் வழியை 2019ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் நீக்கிவிட்டது. அவர் அதற்காக வரவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். உறவினர் யாரேனும் ஓதக்கூடும் என்பதால் சொல்லி வைத்தோம்.

பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு முள் தைத்தாலும் தெரியாது. கரும்பு வெட்டிய வயலிலும் நெல்தாளிலும் வெறுங்காலுடன் நடப்பவருக்குப் புண் வருவது இப்படித்தான். மென்மையான எம்.சி.ஆர். காலணியை அரசுத் திட்டத்தில் பெறலாம். இரவில் பாதத்தைச் சிறிது நேரம் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, ஈரம் காயுமுன் எண்ணெய் தடவ வேண்டும். குதிகாலைத் தாமே பார்த்துக்கொள்வது கடினம். வேறொருவர் விளக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும். அடுத்த மாதம் மருந்து வாங்க வந்தபோது, அந்த வேலையை மாமியார் செய்வதாக அப்பெண் சொன்னார்.