தன்ராஜ் பிள்ளை

தன்ராஜ் பிள்ளை (பிறப்பு: ஜூலை 16, 1968) இந்திய ஹாக்கி அணியின் முன்னாள் தலைவரும் முன்கள ஆட்டக்காரரும் ஆவார். தமிழ்ப் பெற்றோருக்கு மகாராட்டிர மாநிலத்தில் பிறந்தவர். 1989 டிசம்பர் முதல் 2004 ஆகஸ்ட் வரை இந்தியாவுக்காக 339 அனைத்துலக ஆட்டங்களில் பங்கேற்றார். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக்கோப்பை, நான்கு சாம்பியன்ஸ் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டுப் போட்டிகள் ஆகிய அனைத்திலும் ஆடிய ஒரே வீரராக இவர் குறிப்பிடப்படுகிறார். இதே காலத்தில் இங்கிலாந்து, பிரான்சு, செருமனி, மலேசியா, வங்காளதேசம் ஆகிய நாடுகளின் கழகங்களுக்கும் ஊதியம் பெற்று ஆடினார். உள்நாட்டில் ஹாக்கி முழுநேரத் தொழிலாக வளராத ஒரு காலத்தில், அதைத் தொழிலாகக் கொண்டு வாழ முயன்ற தலைமுறையின் முதன்மையான எடுத்துக்காட்டு இவரது வாழ்க்கை.

இளமை

தன்ராஜ் பிள்ளை புனே நகரை அடுத்த கட்கியில் நாகலிங்கம் பிள்ளை, ஆண்டாளம்மா இணையரின் நான்காவது மகனாகப் பிறந்தார். அவருடைய தந்தை அங்குள்ள படைக்கலத் தொழிற்சாலையின் விளையாட்டுத் திடலைப் பராமரிக்கும் பணியில் இருந்தார். தொழிற்சாலைக் குடியிருப்பின் புழுதித் தரையில், உடைந்த மட்டைகளைக் கொண்டு சகோதரர்களுடன் ஆடியே இவர் ஆட்டத்தைக் கற்றார். புகழ்பெற்ற முன்கள ஆட்டக்காரரான முகம்மது சாகித் இவருக்கு முன்மாதிரியாக விளங்கினார்.

1980களின் நடுப்பகுதியில் அண்ணன் ரமேஷுடன் தங்குவதற்காக மும்பை சென்றார். ரமேஷ் அப்போது இராஷ்ட்ரிய உரம் மற்றும் வேதிப்பொருள் நிறுவனத்தின் அணிக்காக ஆடிவந்தார். பின்னர் தன்ராஜ் மகிந்திரா அண்டு மகிந்திரா நிறுவனத்தின் அணியில் சேர்ந்து, முன்னாள் இந்திய வீரர் ஜோக்கிம் கார்வாலோவிடம் பயிற்சி பெற்றார். 1989 டிசம்பரில் புது தில்லியில் நடந்த ஆசியக் கோப்பையில் தமது 21ஆம் வயதில் இந்திய அணியில் அறிமுகமானார்.

முன்கள ஆட்டக்காரரின் பணி

ஹாக்கித் திடல் 91.4 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் உடையது. அணிக்கு 11 பேர் ஆடுவர். மட்டையின் தட்டையான பக்கத்தால் மட்டுமே பந்தைத் தொட வேண்டும். கள ஆட்டத்தில் எதிரணிக் கம்பத்தைச் சூழ்ந்த அரைவட்டத்துக்குள்ளிருந்து அடிக்கும் பந்தே கோலாகக் கணக்கிடப்படும். எனவே பந்தை அந்த அரைவட்டத்துக்குள் கொண்டு சேர்ப்பதும், அங்கிருந்து கோல் அடிப்பதும், அல்லது எதிரணியினரைத் தவறு செய்ய வைத்துப் பெனால்டி கார்னர் பெறுவதும் முன்கள ஆட்டக்காரரின் பணியாகும்.

1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் புல்தரைக்குப் பதிலாகச் செயற்கைத் தரை பயன்படுத்தப்பட்டது. சமமான தரையில் பந்து விரைவாக ஓடியதால், பந்தை நெடுநேரம் மட்டையில் வைத்து எதிரணியை ஏமாற்றும் இந்திய ஆட்டமுறையைவிட ஓட்டத்துக்கும் உடல் வலுவுக்கும் முதன்மை கிடைத்தது. தன்ராஜ் இவ்விரு முறைகளையும் இணைத்தவர். முழு வேகத்தில் ஓடிக்கொண்டே பந்தைக் கட்டுப்படுத்தும் திறனே இவரது தனிச்சிறப்பாகும். 1990களின் பிற்பகுதியில் ஆஃப்சைட் விதி நீக்கப்பட்டது இத்தகைய வேகமான ஆட்டக்காரர்களுக்கு மேலும் இடமளித்தது.

அனைத்துலக ஆட்டங்கள்

1994 சிட்னி உலகக்கோப்பையின்போது அறிவிக்கப்பட்ட உலக அணியில் இடம்பெற்ற ஒரே இந்தியர் தன்ராஜ் ஆவார். 1998 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இவர் தலைமையிலான அணி, இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவைப் பெனால்டி அடிகள் மூலம் வென்றது. ஆசிய விளையாட்டு ஹாக்கியில் 1966க்குப் பின், அதாவது 32 ஆண்டுகள் கழித்து, இந்தியா பெற்ற தங்கப் பதக்கம் அதுவாகும். 2003இல் கோலாலம்பூரில் நடந்த ஆசியக் கோப்பையையும் இவரது தலைமையில் இந்தியா வென்றது. இறுதி ஆட்டத்தில் பாக்கித்தான் 4-2 என்ற கணக்கில் தோற்றது.

உலக அளவிலான போட்டிகளில் நிலைமை வேறாக இருந்தது. இவர் ஆடிய நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியா பெற்ற இடங்கள் வருமாறு:

பார்சிலோனா, 1992: 7ஆம் இடம்
அட்லாண்டா, 1996: 8ஆம் இடம்
சிட்னி, 2000: 7ஆம் இடம்
ஏதென்ஸ், 2004: 7ஆம் இடம்

இவற்றுள் சிட்னியில் பதக்க வாய்ப்பு மிக அருகில் வந்தது. போலந்துக்கு எதிராக 1-0 என முன்னிலையில் இருந்த இந்தியா, ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு கோல் விட்டுக்கொடுத்ததால் அரையிறுதியை இழந்தது. 2002இல் செருமனியின் கோல்ன் நகரில் நடந்த சாம்பியன்ஸ் கோப்பையில் இந்தியா நான்காம் இடமே பெற்றபோதும், போட்டியின் சிறந்த ஆட்டக்காரராகத் தன்ராஜ் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இவர் அடித்த கோல்கள் சுமார் 170 எனப் பொதுவாகக் குறிக்கப்படுகின்றன. அக்காலத்தில் இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பு கோல்களின் கணக்கை முறையாகப் பேணாததால் இதற்கு அதிகாரபூர்வமான எண்ணிக்கை இல்லை.

கழக ஆட்டங்கள்

இந்தியாவில் ஹாக்கி வீரரின் வருமானம் பெரும்பாலும் அவர் பணிபுரியும் நிறுவனத்தைச் சார்ந்தது. இரயில்வே, காவல்துறை, வானூர்தி நிறுவனங்கள், வங்கிகள் முதலியன வீரர்களுக்கு வேலை கொடுத்துத் தம் அணிகளில் ஆடவைத்தன. இது மாத ஊதியத்துக்கும் ஓய்வுக்குப் பிந்தைய வாழ்வுக்கும் உறுதி அளித்தது. ஆனால் ஆட்டத்திறனுக்கேற்ற ஊதியத்தை அளிக்கவில்லை. சிறந்த வீரரும் சராசரி வீரரும் ஒரே பதவியில் ஏறத்தாழ ஒரே ஊதியம் பெற்றனர்.

திறனுக்கு விலை கிடைத்த இடம் வெளிநாட்டுக் கழகங்களே. ஐரோப்பாவில் திறந்தவெளிப் பருவம் இலையுதிர் காலத்திலும் வசந்த காலத்திலும் நடைபெறும். ஆசிய லீக் போட்டிகள் பெரும்பாலும் குறுகியவை. ஆகவே நாட்டுக்காக ஆடும் ஒருவர், இடைப்பட்ட காலத்தில் கழகங்களுடன் குறுகிய ஒப்பந்தம் செய்துகொள்ள இயன்றது. தன்ராஜ் ஆடிய வெளிநாட்டுக் கழகங்கள் பின்வருமாறு:

இந்தியன் ஜிம்கானா, இலண்டன்
எச்.சி. லியோன், பிரான்சு
எச்.டி.சி. ஸ்டுட்கார்ட் கிக்கர்ஸ், செருமனி
பி.எஸ்.என். அணி மற்றும் டெலிகாம் மலேசியா, மலேசியா
அபாகானி லிமிடெட், டாக்கா

இக்கழகங்களுள் இந்தியன் ஜிம்கானா 1916இல் இலண்டன் வாழ் இந்தியர்களுக்காகத் தொடங்கப்பட்டது. மலேசிய அணிகள் இரண்டும் ஒரு வங்கியையும் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தையும் சார்ந்தவை. அதாவது நிறுவனங்களே அணிகளை நடத்தும் முறை அங்கும் இருந்தது. எனினும் வெளிநாட்டு வீரர்கள் பருவத்துக்கு ஒப்பந்தம் செய்யப்பட்டனர்.

ஊதியமும் சர்ச்சையும்

பாங்காக் வெற்றிக்குப் பின் தேர்வு செய்யப்பட்ட இந்திய அணியில் தன்ராஜும் வேறு ஆறு மூத்த வீரர்களும் இடம்பெறவில்லை. பயிற்சியாளர் எம். கே. கௌசிக்கும் நீக்கப்பட்டார். வீரர்களுக்கு ஓய்வு அளிக்கப்பட்டதாக அதிகாரபூர்வமாகக் கூறப்பட்டது. ஆனால் ஆட்ட ஊதியமும் போதிய வசதிகளும் இல்லாதது குறித்து வெளிப்படையாகப் பேசியதற்கான தண்டனையே இது எனப் பரவலாகக் கருதப்பட்டது. 32 ஆண்டுகளுக்குப் பின் தங்கம் வென்ற அணியின் தலைவரே நீக்கப்பட்டதால், நாட்டுக்காக ஆடுவதற்கு ஊதியம் கேட்பது முறையா என்ற வினா பொது விவாதத்துக்கு வந்தது. தன்ராஜ் பின்னர் அணிக்குத் திரும்பி மேலும் இரு ஒலிம்பிக் போட்டிகளில் ஆடினார்.

பிற்காலம்

2005இல் தொடங்கப்பட்ட பிரீமியர் ஹாக்கி லீக்கில் மராத்தா வாரியர்ஸ் அணிக்காக ஆடினார். 70 நிமிட ஆட்டத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்தது அந்த லீக்கின் புதுமை. பன்னாட்டு ஹாக்கிக் கூட்டமைப்பு 2014இல் தலா 15 நிமிடம் கொண்ட நான்கு பகுதிகளை ஏற்றது. பிரீமியர் ஹாக்கி லீக் 2008உடன் நின்றது. 2012இல் நடந்த உலகத் தொடர் ஹாக்கியில் தமது 43ஆம் வயதில் கர்நாடகா லயன்ஸ் அணிக்காக ஆடினார். அத்தொடரும் ஒரு பருவத்துடன் முடிந்தது.

2008 மார்ச்சில் இந்திய அணி முதன்முறையாக ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறத் தவறியது. அடுத்த மாதம் இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பு இடைநீக்கம் செய்யப்பட்டபோது அமைக்கப்பட்ட தற்காலிகக் குழுவில் தன்ராஜும் ஓர் உறுப்பினராக இருந்தார். சந்தீப் மிஸ்ரா எழுதிய இவரது வாழ்க்கை வரலாறு 2007இல் வெளிவந்தது.

இவர் ஓய்வு பெற்ற பின்னரே இந்தியாவில் வீரர்களுக்குச் சந்தை விலை உருவானது. 2013இல் தொடங்கிய ஹாக்கி இந்தியா லீக் 2017க்குப் பின் தடைப்பட்டு, 2024 டிசம்பரில் தமிழ்நாடு டிராகன்ஸ் உள்ளிட்ட அணிகளுடன் மீண்டும் தொடங்கியது. அதற்கு முன், 2024 அக்டோபரில் நடந்த ஏலத்தில் இந்திய அணித்தலைவர் ஹர்மன்பிரீத் சிங்கை ஓர் அணி 78 இலட்சம் ரூபாய்க்குப் பெற்றது. தன்ராஜ் இதே வருமானத்தைத் தேடி ஐந்து நாடுகளுக்குச் செல்ல வேண்டியிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

விருதுகள்

அருச்சுனா விருது
ராஜீவ் காந்தி கேல் ரத்னா விருது, 1999-2000
பத்மசிறீ விருது