அடைப்புக்குறிக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி

மாணவர்களே, உங்கள் கையில் 20 ரிங்கிட் இருக்கிறது. ஒரு புத்தகத்தின் விலை ப ரிங்கிட். கடைக்காரர் 3 ரிங்கிட் கழிவு தருகிறார். மீதிப் பணம் எவ்வளவு?

நீங்கள் கொடுப்பது (ப − 3). ஆகவே, மீதி 20 − (ப − 3). இதைப் பலர் 20 − ப − 3 என்று எழுதி, 17 − ப என முடித்துவிடுகிறார்கள். புத்தகத்தின் விலை 8 ரிங்கிட் என்று வைத்துப் பாருங்கள். நீங்கள் கொடுப்பது 5 ரிங்கிட். மீதி 15 வர வேண்டும். இந்த விடையிலோ 9தான் வருகிறது! 6 ரிங்கிட் எங்கே போனது? கழிவாகக் கிடைத்த 3 ரிங்கிட்டைக் கூட்டாமல், அதையும் கழித்துவிட்டோம்.

அடைப்புக்குறிக்கு முன்னுள்ள கழித்தல் குறி, உள்ளே இருக்கும் ஒவ்வோர் உறுப்பின் குறியையும் மாற்றும். எனவே, 20 − ப + 3 = 23 − ப.

குறியோடு எண்ணும் சேர்ந்து வந்தால்? 5க − 2(க − 3) என்ற கோவையில், −2 உள்ளே உள்ள இரண்டு உறுப்புகளையும் பெருக்கும்:

5க − 2க + 6 = 3க + 6

இத்துடன் நிறுத்துங்கள். 3க, 6 இரண்டும் ஒத்த உறுப்புகள் அல்ல. அவற்றைச் சேர்த்து 9க என எழுதக்கூடாது.

விடையைச் சரிபார்க்க, க = 4 எனப் பிரதியிடுங்கள். கேள்வியிலும் விடையிலும் 18 வரும். 9க என்றால் 36 வந்து தவறு தெரிந்துவிடும். ஆனால், க = 1 எனப் பிரதியிட்டால் 9கவும் சரியான விடைபோலவே தோன்றும்! எனவே, 0, 1 ஆகியவற்றைத் தவிர்த்து வேறு எண்ணைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது உங்கள் முறை: 7ப − 3(ப − 2ந) + ந. விடை 4ப + 7ந வருகிறதா?