பழங்காலக் காதற் படங்கள்

இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட காதற் கதை ஒன்று திரையில் ஓடுகின்றது. குதிரை வண்டிகள், மெழுகுவர்த்தி விளக்குகள், தரை புரளும் நீண்ட ஆடைகள். காதலன் கடிதம் எழுதுவானா என்று ஒரு பெண் நாள்தோறும் வழிமேல் விழி வைத்துக் காத்திருக்கின்றாள். அதைக் காண்பவரோ, நொடிப்பொழுதில் செய்தி அனுப்பும் கருவியைச் சட்டைப் பையில் வைத்திருக்கும் கல்லூரி மாணவர். ஆயினும் அந்தப் பெண்ணின் துன்பங் கண்டு அவர் கண் கலங்குகின்றார். இது எதனால்?

ஆடையழகும் மாளிகையழகும் கண்ணைக் கவர்கின்றன என்பது எளிய விடை. அதிலும் உண்மை உண்டு. ஆனால், அழகிய பழம்பொருள்களைக் காண்பதுதான் காரணம் என்றால், அருங்காட்சியகத்துக்குச் செல்பவர்களும் கண்ணீர் விடவேண்டும் அன்றோ? ஆகவே காரணம் வேறு இடத்தில் இருக்கின்றது. ஒரு படத்தை எடுத்துக்கொண்டு அதனை ஆராய்வோம்.

ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் 1775-ஆம் ஆண்டு பிறந்து 1817-ஆம் ஆண்டு மறைந்தவர். அவருடைய முதல் நாவலாகிய ‘சென்ஸ் அண்ட் சென்ஸிபிலிட்டி’ 1811-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் முகப்பில் ஆசிரியரின் பெயர் இல்லை. ‘ஒரு சீமாட்டி எழுதியது’ என்று மட்டுமே இருந்தது. 1995-ஆம் ஆண்டு தைவான் நாட்டவராகிய ஆங் லீ இதனைத் திரைப்படமாக இயக்கினார். திரைக்கதையை எழுதி, மூத்த சகோதரி எலினாராகவும் நடித்தவர் எம்மா தாம்சன். அத்திரைக்கதைக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

கதை இதுதான். தந்தை இறந்துவிடுகின்றார். அவர் வாழ்ந்த பெரிய மாளிகையும் நிலமும் முதல் மனைவியின் மகனுக்குச் சென்றுவிடுகின்றன. இரண்டாம் மனைவியும் அவளுடைய மூன்று பெண்களும் ஆண்டுக்கு 500 பவுன் வருவாயோடு ஒரு சிறு வீட்டிற்குக் குடிபெயர வேண்டியவர்கள் ஆகின்றனர். எலினார் எட்வர்டு என்னும் இளைஞனை விரும்புகின்றாள். அவனோ முன்பே வேறொருத்திக்கு வாக்குக் கொடுத்தவன். அச்செய்தியை அந்த வேறொருத்தியே எலினாரிடம் சொல்லி, வெளியிடக்கூடாது என்று உறுதியும் வாங்கிக்கொள்கின்றாள். எலினார் தன் தாயிடமும் சொல்லவில்லை, தங்கையிடமும் சொல்லவில்லை. பல மாதங்கள் முகம் மாறாமல் வீட்டு வேலைகளைக் கவனித்து வருகின்றாள். இறுதியில் எட்வர்டு விடுபட்டவனாக வந்து நிற்கும்பொழுது, அடக்கி வைத்திருந்த அழுகை அணை உடைந்தாற்போல் பீறிட்டு வருகின்றது. படம் முழுதும் அவள் வாய் திறவாமல் இருந்ததனால்தான் அந்த ஒரு நிமிட அழுகை நம்மை உலுக்குகின்றது.

இங்கேதான் இத்தகைய படங்களின் கவர்ச்சி விளங்குகின்றது. சொல்லத் தடை இருக்குமிடத்தில் சிறு குறிப்பும் பெரும் பொருள் பெறுகின்றது. இதே ஆசிரியையின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ என்னும் நாவலை 2005-ஆம் ஆண்டு ஜோ ரைட் படமாக்கினார். அதில் எலிசபெத் வண்டியில் ஏறும்பொழுது டார்சி கைகொடுத்து உதவுகின்றான். பிறகு திரும்பி நடக்கையில் அவன் விரல்கள் ஒருமுறை விரிகின்றன. அவ்வளவுதான், ஒரு சொல்கூட இல்லை. ஆனால் அவன் உள்ளம் நமக்குத் தெரிந்துவிடுகின்றது. நினைத்தபொழுது சந்தித்து, நினைத்ததைப் பேசக்கூடிய இருவரைப் பற்றிய கதையில் இந்த விரலசைவுக்கு வேலை ஏது? இந்த நுட்பம் தமிழ் படித்தவர்களுக்குப் புதிதன்று. களவொழுக்கத்தைப் பாடிய நம் அகப்பாடல்களில் அலரும் இற்செறிப்பும் இல்லையென்றால் தலைவியின் ஏக்கத்துக்கு ஏது ஆழம்?

ஆனால் மாணவ நண்பர்களே, இவ்வளவோடு நின்றுவிட்டால் நாம் பாதியைத்தான் பார்த்தவர்கள் ஆவோம். அந்தத் தடை எங்கிருந்து வந்தது என்று கேட்கவேண்டும். அது வானத்திலிருந்து விழுந்த விதியன்று. சொத்தையும் சட்டத்தையும் பற்றியது. படத்தின் தொடக்கத்தில் ஒரு காட்சி வருகின்றது. தங்கைமார்க்கு 3,000 பவுன் தருவதாக எண்ணுகின்றான் அண்ணன். அவன் மனைவி பேசப் பேச அது 1,500 ஆகின்றது; பிறகு ஆண்டுக்கு 100 ஆகின்றது; முடிவில் பணமே கொடுக்கவேண்டியதில்லை என்று ஆகின்றது. நாம் சிரிக்கின்றோம். ஆனால் எலினாரின் மௌனத்துக்கு வேர் அந்தச் சிரிப்பில்தான் இருக்கின்றது. அக்காலத்தில் உயர்குடிப் பெண்ணுக்குத் தொழில் செய்து பிழைக்கும் வழி அரிது. மணமான பின் அவள் கைப்பொருளும் கணவனுடையதே. இங்கிலாந்தில் 1870, 1882-ஆம் ஆண்டுகளில் இயற்றிய சட்டங்களே மணமான பெண்ணுக்குத் தன் பொருள்மீது உரிமை தந்தன. ஆகவே திருமணம் அவளுக்கு இன்பம் மட்டுமன்று; வீடும் உணவும் அதுவே.

ஜேன் ஆஸ்டின் இதனை நூலில் படித்து அறிந்தவர் அல்லர். 1805-ஆம் ஆண்டு அவருடைய தந்தை இறந்தபின், தாயும் அவரும் அவர் தமக்கையும் உடன்பிறந்த ஆண்களின் உதவியை நம்பியே வாழ்ந்தனர். 1809-ஆம் ஆண்டு ஒரு சகோதரர் சாட்டன் என்னும் ஊரில் வீடு ஒன்று தந்தபிறகே அவர்களுக்கு நிலையான இருப்பிடம் கிடைத்தது. இதையும் நினைவிற் கொள்ளுங்கள்: அவர் பழங்காலக் கதை எழுதவில்லை. தம் காலத்தைப் பற்றியே எழுதினார். நமக்கு அழகிய பழமையாகத் தோன்றுவது அவருக்கு அன்றாடக் கவலையாக இருந்தது.

இக்கதையைத் தழுவி 2000-ஆம் ஆண்டு ராஜீவ் மேனன் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ என்னும் தமிழ்ப் படத்தை இயக்கினார். குதிரை வண்டியும் இல்லை, இங்கிலாந்தும் இல்லை. செட்டிநாட்டு வீடு ஒன்றும் சென்னை நகரமும் இருந்தன. தமிழ்நாட்டில் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு உண்டு என்னும் சட்டம் 1989-ஆம் ஆண்டு முதலே நடைமுறைக்கு வந்துவிட்டது. எனினும் படத்தில் தாத்தாவின் உயில் ஒன்று தாயையும் பெண்களையும் வீட்டைவிட்டு வெளியேறச் செய்கின்றது. அது நம்பத்தகாத கதை என்று தமிழ் மக்கள் ஒதுக்கவில்லை. ஆடையும் நாடும் மாறியபின்பும் கதை நின்றது என்றால், அதன் உயிர் ஆடையில் இல்லை என்பது தெளிவு.

ஆகவே இத்தகைய படங்களை விரும்பிப் பாருங்கள். அதில் தவறொன்றும் இல்லை. பொறுத்தலின் பெருமையையும், கொடுத்த வாக்கைக் காத்தலின் உயர்வையும், ஒரு சொல்லின் மதிப்பையும் அவை உணர்த்துகின்றன. ஆனால், ‘அந்தக் காலத்தில் பிறந்திருக்கலாகாதா!’ என்று ஏங்கவேண்டா. எலினாரின் அடக்கத்தைப் போற்றலாம்; அவளை அடங்கச் செய்த ஏற்பாட்டைப் போற்றுதல் ஆகாது. படம் முடிந்து விளக்கு எரிந்ததும், அந்த மாளிகை யாருக்கு உரியதாயிற்று என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பிறகு உங்கள் வீட்டில் அக்காளுக்கும் தங்கைக்கும் என்ன உரிமை இருக்கின்றது என்று கேட்டுப் பாருங்கள். அக்கேள்வியோடு வீடு திரும்புபவரே அப்படத்தை முழுமையாகக் கண்டவர் ஆவார்.