நாவலுக்குள் வேலைக்குப் போன ஆண்டு

ஜனவரி பிறந்தால் வாசகர்களிடம் ஒரு கணக்கும் பிறந்துவிடுகிறது. சென்னைப் புத்தகக் காட்சியில் வாங்கிய பைகளைப் பிரிப்பதற்குள், இந்த ஆண்டு பன்னிரண்டா, இருபத்து நான்கா, ஐம்பதா என்று இலக்கு குறித்துவிடுகிறோம். டிசம்பரில் படித்த புத்தகங்களின் அட்டைகளை அடுக்கிப் படம் பிடிக்கிறோம். எண்ணிக்கையாவது ஆளைப் புத்தகத்தின் பக்கம் இழுத்து வந்தால் நல்லதுதான். ஆனால் இந்த முறை எண்ணிக்கையை ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டேன். எடுக்கும் நாவலில் மனிதர்கள் என்ன வேலை செய்து பிழைக்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். காதல் இருக்கட்டும், குடும்பச் சண்டை இருக்கட்டும். விடிந்ததும் எங்கே போகிறார்கள், கை எதைப் பிடிக்கிறது, சம்பள நாளில் எவ்வளவு வருகிறது, அதில் எவ்வளவு பிடித்துக்கொள்கிறார்கள் என்று நாவல் சொல்ல வேண்டும்.

இப்படித் தேடப் போனால் தமிழில் புதையலே கிடைக்கிறது. உப்பளம், தேயிலைத் தோட்டம், தோல் ஷாப்பு, கைத்தறி, களத்துமேடு என்று ஆண்டு முழுக்க நாவல்களுக்குள் வேலைக்குப் போய்வந்தேன். அந்த மகிழ்ச்சியோடு சேர்ந்து ஒரு கவலையும் வளர்ந்தது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்தக் கவலையைப் பற்றியதுதான்.

உப்பும் கண்ணும்

முதலில் எடுத்தது ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களின் கதை. ராஜம் கிருஷ்ணன் மேசையில் உட்கார்ந்து கற்பனை செய்தவர் அல்ல. எந்த மக்களைப் பற்றி எழுதுகிறாரோ அந்த மக்களிடம் போய், பார்த்து, கேட்டு எழுதியவர். மின்பொறியாளரான கணவருக்கு மாற்றல் வந்த இடமெல்லாம் அவருக்கு நாவல் களமானது. நீலகிரி வாழ்க்கை ‘குறிஞ்சித் தேன்’ ஆனது. பிறகு அவராகவே தேடிப் போகத் தொடங்கினார். மீனவர்களிடம் போனார், ‘அலைவாய்க் கரையில்’ வந்தது. உப்பளத்துக்குப் போனார், ‘கரிப்பு மணிகள்’ வந்தது.

உப்பளத்து வேலை என்னவென்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. பாத்தியில் தேங்கிய உப்புநீர் காய்ந்து படிகமானதும் பலகையால் வாரி வரப்பில் ஏற்ற வேண்டும். வாரிய உப்பைப் பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்ட வேண்டும். வெள்ளை வெளேர் என்ற தரையிலிருந்து எதிரடிக்கும் வெயில் கண்ணைக் கெடுக்கும். உப்புநீரிலேயே நிற்கும் காலில் புண் ஆறாது. மழைக்காலம் வந்தால் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. நாவலின் பொன்னாச்சியை எனக்கு நெருக்கமாக்கியது அவள் பட்ட துயரம் மட்டும் அல்ல. அவள் செய்யும் வேலை எனக்குப் புரிந்தது. புரிந்த பிறகு அவள் கோபத்தின் காரணத்தை ஒருவர் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

ராஜம் கிருஷ்ணன் 2014இல் மறைந்தார். அதற்கு முன்பே, அவர் வாழும்போதே, 2009இல் அவருடைய நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டுவிட்டன. அதனால் இணையத்திலேயே இலவசமாகப் படிக்கலாம். விலை கட்டுப்படியாகவில்லை என்ற தடை இவருடைய நூல்களுக்கு இல்லை.

முன்பணம் என்ற கயிறு

ஆண்டின் நடுவில் படித்தது ‘எரியும் பனிக்காடு’. தேயிலைத் தோட்டத்தில் மருத்துவராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்த பி.எச். டேனியல், ‘ரெட் டீ’ என்ற பெயரில் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளிவந்த நாவல். இரா. முருகவேள் தமிழாக்கினார். ‘பரதேசி’ படம் பார்த்தவர்களுக்கு இதன் களம் தெரியும். ஆனால் படத்தில் விரைந்து கடந்துபோகும் ஒன்றை நாவல் நின்று நிதானமாகக் காட்டுகிறது. அதுதான் கணக்கு.

திருநெல்வேலிச் சீமையின் பஞ்சத்தில் வாடும் கருப்பனுக்கும் வள்ளிக்கும் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி முன்பணம் கொடுக்கிறார். மலைக்குப் போனால் கைநிறையச் சம்பாதிக்கலாம் என்கிறார். அங்கே போனதும் கம்பளி கொடுத்தால் அது கடன், அரிசி கொடுத்தால் அது கடன், காய்ச்சலில் படுத்தால் அன்றைய கூலி போச்சு. கணக்கு முடிக்கும் நாளில் பார்த்தால் உழைத்ததெல்லாம் போக இன்னும் பாக்கி நிற்கிறது. பாக்கி தீராமல் மலையிறங்க முடியாது. வேலி போட்டு அடைக்காமலேயே ஆயிரக்கணக்கான மனிதர்களை ஒரு மலையில் பிடித்துவைக்க ஒரு கணக்கு நோட்டுப் போதும் என்பதை இவ்வளவு தெளிவாக நான் வேறெங்கும் படித்ததில்லை.

இதைப் படித்து முடித்தபோது, பஞ்சாலைகளில் நடைமுறையில் இருந்த ‘சுமங்கலித் திட்டம்’ நினைவுக்கு வந்தது. கிராமத்துப் பெண்பிள்ளையை ஆலை விடுதியில் தங்கவைத்து, மூன்று ஆண்டுகள் முடிந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொல்லும் ஏற்பாடு. தோட்டத்தில் பணத்தை முன்னால் கொடுத்துக் கட்டிப்போட்டார்கள். ஆலையில் பணத்தைப் பின்னால் காட்டிக் கட்டிப்போட்டார்கள். நடுவில் விட்டுவிட்டு வர முடியாது என்பது இரண்டுக்கும் பொது. வள்ளிக்கு ஒரு நாவல் இருக்கிறது. நூற்பாலைக்குப் போன அந்தப் பிள்ளைகளுக்கு, ஊரெல்லாம் பேர் தெரிந்த அப்படி ஒரு நாவல் எங்கே?

தாமதமாக வரும் நாவல்

என் கவலை இங்கேதான் தொடங்கியது. வேலையைப் பற்றிய நாவல்கள் எப்போது எழுதப்பட்டன என்று பார்த்தேன். 1920களின் தோட்டத்து வாழ்க்கை 1969இல் ஆங்கில நாவலானது. தமிழுக்கு வர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. டி. செல்வராஜின் ‘தோல்’, திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்புத் தொழிலாளர்களின் பெருங்கதை. சுண்ணாம்புக் குழியில் இறங்கி நிற்பவர்களின் கை காலெல்லாம் வெந்துபோகும் அந்த வேலையை எழுதி 2012இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. மகத்தான உழைப்பு. ஆனால் அந்த நாவல் பேசும் காலம் நாடு விடுதலையடைந்த காலத்தை ஒட்டியது. குழியில் நின்றவர்களில் எத்தனை பேர் தங்கள் கதை அச்சானதைப் பார்த்திருப்பார்கள்?

இதற்கு மாறாக, தொ.மு.சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ 1953இல் வந்தது. நூல் கிடைக்காமல் தறி நின்று, நெசவாளர்கள் பசியில் கிடந்த அதே காலத்தில் எழுதப்பட்டது. அதன் உணர்ச்சி சில இடங்களில் மேடைப் பேச்சின் உயரத்துக்குப் போகிறது என்று இன்றைய வாசகர் சொல்லலாம். எனக்கு அது உறுத்தவில்லை. தெருவில் தறிச்சத்தம் அடங்கிக்கொண்டிருந்தபோதே ஒருவர் எழுத உட்கார்ந்தார் என்பதே எனக்குப் பெரிதாகப் பட்டது. ‘கரிப்பு மணிகள்’ நாவலுக்கும் அந்தப் பெருமை உண்டு.

இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தது. காலனி மக்களுக்குத் துணி வெளுத்து, களத்துமேட்டில் தன் பங்கு தானியத்துக்காகக் கையேந்தி நிற்கும் ஆரோக்கியத்தை மறக்க முடியாது. தலைமுறையாகச் செய்த வேலை கண்ணெதிரே இல்லாமல் போகிறது. அந்த வேலை இழிவானது என்பதும், அது போனால் சோறும் போகும் என்பதும் ஒரே நேரத்தில் உண்மை. இந்த இரண்டு உண்மைகளையும் ஒன்றை விட்டு ஒன்றைச் சொல்லாமல் சேர்த்துச் சொல்ல நாவலால்தான் முடியும். கட்டுரை எழுதுகிற நான் இதை மனதாரச் சொல்கிறேன்.

இன்றைய வேலைக்கு யார் சாட்சி?

எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’ திருப்பூரை எழுதியது, விநாயக முருகனின் ‘ராஜீவ்காந்தி சாலை’ மென்பொருள் துறையை எழுதியது, இன்னும் பலர் எழுதுகிறார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் வேலையின் உலகம் மாறும் வேகத்துக்கு அது போதவில்லை என்பதே என் எண்ணம்.

ஜவுளிக்கடை விற்பனைப் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ‘அங்காடித் தெரு’ படம் 2010இல் அவர்களைக் காட்டியது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்தது. சினிமா வந்துவிட்டது, சட்டம் வந்துவிட்டது, நாவல்தான் பின்தங்கி நிற்கிறது. நான் வழக்கமாகப் புடவை எடுக்கும் கடையில் ஒரு பெண், ஒரு காலை இன்னொரு காலின் மேல் அழுத்தித் தேய்த்துக்கொண்டே மடிப்பு மடிப்பாகப் புடவைகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்டூல் இருந்தது. “உட்காரலாமேம்மா” என்றேன். “ஸ்டூல் இருக்குக்கா. உட்கார்ந்தா ஒரு கண்ணு நம்ம மேலயே இருக்கும். அதுக்கு நிக்கிறதே நிம்மதி” என்றார். சட்டம் எங்கே நின்றுவிடுகிறது என்று அந்தப் பதில் காட்டிவிட்டது. அதற்கு அப்பால் என்ன நடக்கிறது என்பதை எழுதுவதுதான் நாவலாசிரியரின் வேலை.

உணவு கொண்டுவரும் பையனைப் பாருங்கள். அவனுக்கு மேஸ்திரி கிடையாது. கைப்பேசிச் செயலிதான் மேஸ்திரி. ஓட்டல் வாசலில் காத்து நிற்கும் நேரத்துக்குக் கூலி இல்லை. வண்டிக்கு மாதத் தவணை, பெட்ரோலுக்குச் சொந்தப் பணம். அடுக்குமாடி வாசலில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சில இடங்களில் லிஃப்டையும் விட்டு மாடி ஏற வேண்டும். கடைசியில் நட்சத்திரம் எத்தனை என்று முகம் தெரியாதவர் முடிவு செய்வார். டேனியலின் கணக்கு நோட்டு இப்போது அவன் சட்டைப் பையில் இருக்கிறது. அது எப்படிக் கணக்குப் போடுகிறது என்று அவனுக்கே தெரியாது.

இன்னும் எவ்வளவோ இருக்கிறது. இரவு ஷிஃப்டுக்குக் கிராமங்களில் ஆள் ஏற்றும் மில் வேன்கள், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்காக விடுதியில் தங்கும் இளம்பெண்கள், நூறு நாள் வேலையில் சம்பளம் வந்ததா என்று வங்கிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலையும் பாட்டிகள், திருப்பூரில் நம் ஆட்களின் பக்கத்து மெஷினில் உட்காரும் பீகார், ஒடிசா இளைஞர்கள். இவர்களுக்குள் நடக்கும் பேச்சு, நட்பு, உரசல், காதல் எல்லாம் இன்று எழுதப்படாமல் போனால், ஐம்பது ஆண்டுகள் கழித்து யாரோ ஆவணங்களைத் தோண்டி எழுதுவார்கள். அப்போது தகவல் கிடைக்கும். இந்தக் குரல்கள் கிடைக்காது.

நாவல் தொழிலாளர் துறையின் அறிக்கை அல்ல, மனித மனத்தை ஆராய்வதுதான் இலக்கியம் என்று வாதிடுவோர் உண்டு. மதிக்கத்தக்க வாதம். ஆனால் அந்த மனம் பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்த உடம்புக்குள்தான் இருக்கிறது. உடம்பை விட்டுவிட்டு மனத்தை மட்டும் எழுதினால் பாதி மனிதர்தான் கிடைப்பார்.

எழுதுவதற்கு நேரம் வேண்டும்

வேலை செய்பவர்களே எழுதலாமே என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மலர்வதியின் ‘தூப்புக்காரி’ அப்படி வந்த நாவல்தான். துப்புரவு வேலை பார்த்த ஒரு தாயின் மகள், அந்த வாழ்க்கையை உள்ளிருந்து எழுதி 2012இல் சாகித்ய அகாதெமியின் யுவ புரஸ்கார் பெற்றார். ஆனால் ஷிஃப்டு முடித்துத் துணி துவைத்துப் படுக்கப் போகும் பெண்ணிடம் நானூறு பக்க நாவலைக் கேட்பது நியாயமில்லை. இந்தப் பொறுப்பை எழுத்தாளர்களும் இதழ்களும் பதிப்பகங்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

நாவல் போட்டி நடத்துபவர்கள் ஓர் ஆண்டாவது பணியிடத்தைக் களமாக அறிவிக்கலாம். தொழிலாளர்கள் கைப்பேசியில் பேசி அனுப்பும் குரல் பதிவுகளை வாங்கி, அவர்கள் பெயரிலேயே நூலாக்கலாம். இளம் எழுத்தாளருக்கு ஒரு தொழில் நகரத்தில் மூன்று மாதம் தங்க வாடகையும் சாப்பாட்டுச் செலவும் கொடுத்தால் போதும், மீதியை அவர் பார்த்துக்கொள்வார். ராஜம் கிருஷ்ணன் எந்த உதவித்தொகையையும் எதிர்பார்த்து உப்பளத்துக்குப் போகவில்லை. அந்தப் பிடிவாதத்தை எல்லோரிடமும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் அவர் காட்டிய வழியைச் சற்றுச் சுலபமாக்க முடியும்.

வாசகர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அடுத்த ஆண்டு வாசிப்பு இலக்குக்குப் பட்டியல் போடும்போது, வேலையைப் பேசும் நாவல்கள் நாலைந்தாவது அதில் இருக்கட்டும். கிளை நூலகத்தில் ‘தோல்’ இல்லையென்றால் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். புத்தகக் காட்சி அரங்கில் நிற்கும் பதிப்பாளரிடம், பஞ்சாலையைப் பற்றி, டெலிவரிப் பையன்களைப் பற்றி, ஜவுளிக்கடைப் பெண்களைப் பற்றி ஏதாவது நாவல் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் அடுத்த ஆண்டும் போய்க் கேளுங்கள். கேட்கும் வாசகர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் எழுதச் சொல்லும் பதிப்பாளர் வருவார். பதிப்பாளர் வந்தால் எழுதுபவரும் வருவார்.