நாலு வீடு மாறிய விளக்கு

பருத்திப்பட்டு அணைக்கட்டைத் தாண்டி, திருவேற்காடு வழியாகப் போகிற கூவத்தைப் பார்த்தால் நம்மில் பலர் மூக்கைப் பொத்திக்கொள்வோம். ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துக்காரர்களான எங்களுக்கு அது தினசரிக் காட்சி. ஒருநாள் என் பேத்தி, "பாட்டி, இந்த ஆறு எங்கே போய் முடியுது?" என்று கேட்டாள். "கடல்லதான்" என்றேன். "அங்கே என்ன இருக்கு?" என்றாள். அவளுக்குச் சொன்ன கதையைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

நேப்பியர் பாலத்தைக் கடந்ததும் கூவம் கடலில் கலக்கிறது. அந்த முகத்துவாரத்துக்கு வடக்கே மூன்று இடம், தெற்கே ஓர் இடம் என்று நாலு வீடு மாறியிருக்கிறது சென்னைக் கலங்கரை விளக்கம்!

அந்தக் காலத்தில் சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களையும் மூட்டைகளையும் மசூலாப் படகில் ஏற்றி, அலையைத் தாண்டிக் கரை சேர்ப்பார்கள். ஆணி அடித்த படகென்றால் அலையின் அடியில் விரிந்துவிடும் என்று, பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்களாம். பகலிலேயே இந்தப் பாடு என்றால், ராத்திரியில் வருகிற கப்பலுக்குக் கரை எங்கே என்று எப்படித் தெரியும்?

அதற்காக 1796-ல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் விளக்கு வைத்தார்கள். அதற்கு என்ன எண்ணெய் தெரியுமா? நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய்தான்! திரி கருகாமல், எண்ணெய் குறையாமல் விடியும்வரை ஒருவர் கண்விழித்துக் காத்திருக்க வேண்டும். காய்ச்சல் குழந்தையின் பக்கத்தில் விழித்திருந்த தாய்மாருக்கு அந்த வேலையின் அருமை புரியும். அந்தக் கட்டடத்தில்தான் இன்று கோட்டை அருங்காட்சியகம் இருக்கிறது.

விளக்கு இன்னும் உயரத்தில் இருந்தால்தானே தூரத்துக் கப்பலுக்குத் தெரியும்? ஆகவே கோட்டைக்கு வடக்கே கருங்கல்லில் ஒரு தூண் எழுப்பினார்கள். 1838-ல் ஆரம்பித்த வேலை முடிந்து, 1844 ஜனவரி முதல் தேதி விளக்கு அங்கே குடியேறியது. பிறகு பக்கத்திலேயே உயர்நீதிமன்றம் எழும்பியது. தூணைவிட அதன் கோபுரம் உயரம். ஆகவே 1894-ல் விளக்கு அந்தக் கோபுரத்துக்கே போய்விட்டது. பழைய தூண் இன்றும் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது.

கோபுரத்தில் விளக்கு இருந்த காலத்தில்தான் முதல் உலகப் போர் வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியக் கப்பல் எம்டன் கடலிலிருந்து குண்டு வீசியது. துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்து எரிந்தன. ஊரே கதிகலங்கி, ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வெளியூருக்குக் கிளம்பிவிட்டார்கள். அன்றிலிருந்துதான் துணிச்சல்காரர்களை 'சரியான எம்டன்' என்று சொல்கிற வழக்கம்!

1977 ஜனவரியில் விளக்கு மெரினாவுக்கு வந்தது. சிவப்பும் வெள்ளையுமாக, முக்கோண வடிவில், 150 அடி உயரத்தில் நிற்கிறதே, அதுதான் நாலாவது வீடு. பத்து வினாடிக்கு இரண்டு தரம் பளிச்சிடும். ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் இந்தக் கணக்கு வேறு வேறு. அதை வைத்தே மாலுமிகள் 'இது சென்னை' என்று கண்டுகொள்வார்கள்.

"சரி, இதெல்லாம் கப்பல்காரர்கள் சமாசாரம். நமக்கென்ன?" என்று கேட்பீர்கள். இருக்கிறது, சகோதரிகளே! 1870-களில் துறைமுகச் சுவர் கட்ட ஆரம்பித்த பிறகு, கரையோரமாக வடக்கே நகர்கிற மணல் தடைப்பட்டுத் தெற்கே குவிந்தது. மெரினா அகலமானது; கூவத்தின் வாயோ மணலால் அடைபட ஆரம்பித்தது. அந்த வாய் மூடிக் கிடந்தால், அடைமழையில் நம் பக்கத்துத் தண்ணீர் எங்கே போகும்? 2015 டிசம்பர் வெள்ளத்தை நாம் மறக்க முடியுமா? முகத்துவாரத்து மணலை வாரி எடுப்பது நம் வீட்டு வாசலுக்கும் வேண்டிய காரியம். அந்த ஆற்றில் குப்பைப் பையை வீசுகிறவர்களைக் கண்டால், "வேணாம்மா, திரும்ப நம்ம வீட்டுக்குத்தான் வரும்" என்று சொல்லுங்கள்.

பல வருஷம் பொதுமக்களுக்கு மூடிக் கிடந்த மெரினா விளக்கம் 2013 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று மறுபடி திறக்கப்பட்டது. லிஃப்ட் இருப்பதால் முழங்கால் வலிக்காரப் பாட்டிமாரும் ஏறலாம். பறக்கும் ரயிலில் 'கலங்கரை விளக்கம்' என்றே ஒரு ஸ்டேஷன் உண்டு. பார்வை நேரத்தை விசாரித்துக்கொண்டு, வெயில் தாழப் போங்கள். மேலே காற்று பலமாக அடிக்கும். சின்னக் குழந்தைகளின் கையை விடாதீர்கள். அங்கிருந்து வடக்கே கூவத்தின் வாயைக் காட்டி, "நம்ம ஊர்த் தண்ணி இங்கேதான் வந்து சேருது" என்று சொல்லிக்கொடுங்கள்.